குறை சொன்ன மாணவன்

மெர்சிங் ஆற்றங்கரையில் வாழ்கின்றவர்களுக்கு மழைக்காலம் முழு ஓய்வுக்காலம் அன்று. நவம்பர்த் திங்களில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் தென்சீனக் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். தியோமான் தீவுக்குச் செல்லும் பயணப் படகுகள் குறைந்துவிடும். மீனவர்களின் சிறு படகுகள் கரையேறிவிடும். அப்பொழுதுதான் அவர்களுக்கு மற்றொரு வேலை தொடங்குகிறது. படகைச் சாய்த்து வைத்து, அடிப்பலகையை இடம் இடமாகத் தட்டிப் பார்ப்பார்கள். எங்கள் தெருவின் கோடியில் குடியிருந்த மலாய் மீனவர் ஒருவர், அவ்வாறு தட்டும்போது ஓட்டை ஒன்றைக் கண்டுவிட்டால் முகம் மலர்வார். ஓட்டையைக் கண்டு மகிழ்கின்ற மனிதரை நான் முதன்முதலில் அவரிடத்தில்தான் கண்டேன். காரணம் கேட்டேன். "கரையில் இருக்கும்போதே கண்டுவிட்டேனே" என்றார்.

அந்த எளிய விடையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகே, அதுவும் என்னிடம் படித்த ஒரு மாணவரிடமிருந்தே, அதனை நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்நிகழ்ச்சியில் எனக்குப் பெருமை ஏதும் இல்லை. ஆயினும் ஆசிரியத் தோழர்களும் மாணவர்களும் அறிந்துகொள்வது நலம் என்று கருதி இங்கு எழுதுகிறேன்.

என் அக்காள் என்னைவிட எட்டு ஆண்டு மூத்தவர். கணவரை இழந்தபின் எங்கள் தெருவிலேயே தனி வீட்டில் வாழ்ந்து வருகிறார். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் பணிபுரிகிறான். பாலத்துக்கு அப்பால் பிள்ளைகள், இப்பால் பெற்றோர் என்பது ஜொகூர் மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலைதானே! ஒருநாள் அக்காள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இரண்டு மணி நேரம் எழ இயலாமல் கிடந்தார். செய்தி அறிந்த மகன் அடுத்த விடுமுறையில் கைக்கு அடக்கமான கேமரா ஒன்றை வாங்கி வந்தான். இணையக் கடையில் மலிவாகக் கிடைத்ததாம். முன்கூடத்து அலமாரியின் மேல் அதனை வைத்து, சிங்கப்பூரிலிருந்தே கைப்பேசி வாயிலாகத் தாயைப் பார்த்துக்கொள்ள வழிசெய்தான்.

அக்காளுக்கு அதில் விருப்பம் இல்லை. "வீட்டுக்குள்ளே ஒரு கண் எதற்குத் தம்பி?" என்று என்னிடம் முறையிட்டார். நான்தான் அவரை இணங்க வைத்தேன். "பார்ப்பவன் உன் மகன்தானே அக்கா! வாசலுக்கு இரும்புக் கதவு இருக்கிறது, இரண்டு பூட்டு இருக்கிறது, இதுவும் ஒரு காவல்" என்றேன். படித்தவன் சொல்கிறான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கடந்த மார்ச்சுத் திங்களில், என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவர் ஒருவர் மனைவி மக்களுடன் தியோமான் தீவுக்குச் செல்லும் வழியில் என்னைக் காண வந்தார். மெர்சிங் படகுத்துறையை அறிந்தவர்களுக்கு அங்குள்ள காத்திருப்பும் தெரிந்திருக்கும். ஆற்றின் முகத்துவாரம் ஆழமற்றது. கடல்நீர் ஏறினால்தான் படகு புறப்படும். அன்று நீர் ஏற நான்கு மணி நேரம் இருந்தது. விருந்தினர் வந்தால் அக்காள் வீட்டுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கமாதலால், அவர்களையும் அங்கே அழைத்துச் சென்றேன். அம்மாணவர் இப்பொழுது ஜொகூர் பாருவில் கணினிப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றுகிறார். உணவருந்தும்போது அவருடைய பார்வை இரண்டு மூன்று முறை அலமாரியின் மேலிருந்த கேமராவின்மீது சென்றதை நான் கவனித்தேன். எதையோ சொல்ல வந்தவர்போல் வாய் திறந்தார்; பின்னர் அமைதியானார். படகுக்கு நேரமாகிவிட்டது. விடைபெற்றுச் சென்றார்.

மூன்றாம் நாள் தீவிலிருந்து திரும்பியதும் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, உங்கள் அக்காள் வீட்டிலுள்ள கேமராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வகைக் கருவியை நான் அறிவேன். அதனை வாங்கிய பிறகு கடவுச்சொல்லை யாரேனும் மாற்றினார்களா?"

எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரிலிருந்த மருமகனிடம் தொலைபேசியில் கேட்டேன். மாற்ற வேண்டும் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் தன் கைப்பேசிச் செயலிக்கு மட்டும் ஒரு கடவுச்சொல் வைத்திருந்தான். கருவிக்கே உரிய கடவுச்சொல் வேறு என்பதை அறியான்.

"உங்கள் அனுமதியும் அம்மாவின் அனுமதியும் இருந்தால் சோதித்துப் பார்க்கிறேன். அனுமதி இல்லாமல் தொடமாட்டேன். அது முறையும் அன்று, 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமும் ஆகும்" என்றார்.

அக்காள் வீட்டுக்குச் சென்றோம். வீட்டு இணைய இணைப்பின் எண்முகவரியைக் குறித்துக்கொண்டார். பின்னர் வீட்டுக்கு வெளியே, தெருவில், என் பக்கத்தில் நின்றுகொண்டு, தம் கைப்பேசியின் சொந்த இணைப்பைக் கொண்டு அம்முகவரியைத் தட்டினார். பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. தொழிற்சாலையில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக இட்டு அனுப்புகின்ற சொற்களை உள்ளிட்டார். ஒரு நொடிதான்! முன்கூடம் தெரிந்தது. அக்காள் தரையில் அமர்ந்து சாமி படத்துக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். இரும்புக் கதவு மூடியிருந்தது; இரண்டு பூட்டும் பூட்டியிருந்தன.

எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளே சென்று அக்காளிடம் மெல்ல எடுத்துச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துக் கேமராவின்மேல் போர்த்தினார்.

"அப்படியானால் இத்தனை நாளும் நான் வீட்டில் தனியாக இருக்கவில்லையா, தம்பி?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அந்த மலிவுக் கருவி தன்னிடம் வந்து போனவர்களின் பட்டியலை வைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அன்று. யாரேனும் பார்த்தார்களா, ஒருவருமே பார்க்கவில்லையா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். வெளியூரிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, அந்தக் கேமரா நம் வீட்டு மோடத்திடம் தானே பேசி, இணையத்திலிருந்து உள்ளே வர ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொள்கிறது. மோடமும் வீட்டுக்காரரைக் கேளாமல் அதற்கு இடங்கொடுத்துவிடுகிறது. வழி திறந்திருக்க, பூட்டின் சாவியோ உலகறிந்த சாவி! 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல் இவ்வழியேதான் பரவியதாம். ஏறத்தாழ அறுபது பெயர், கடவுச்சொல் இணைகள் அதனிடம் இருந்தன. இணையத்தில் கண்ட கேமராக்களையும் மோடங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி, அச்சொற்களைச் சொல்லிப் பார்த்தது. இலட்சக்கணக்கான கருவிகள் கதவைத் திறந்துவிட்டன. அவ்வாறு அடிமைப்பட்ட கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் 'டைன்' என்னும் அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினர். டுவிட்டர், நெட்பிலிக்ஸ் முதலிய பெருந்தளங்களே பலருக்குப் பல மணி நேரம் கிட்டாமற் போயின. அந்நிரலை முதலில் எழுதியவர்கள் இளைஞர் மூவர். 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். யாரோ ஒருவர் வீட்டுக் கேமரா அவரை அறியாமலேயே மற்றொருவர் கையில் ஆயுதமானது!

இவற்றையெல்லாம் கேட்டு முடித்தபின் நான் ஒரு கேள்வி கேட்டேன். "இதனை அன்றே ஏன் சொல்லவில்லை? மூன்று நாள் ஏன் காத்திருந்தாய்?"

அவர் தலை குனிந்தார். "சொன்னால் கோபித்துக்கொள்வீர்களோ என்று அஞ்சினேன் ஐயா. முன்பு ஒருமுறை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து என் நினைவு தொடங்கியது.

2003ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் பயிற்றுவிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டி மடிக்கணினிகளும் படங்காட்டும் கருவிகளும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. நான் அப்பொழுது வேறோர் ஊரில், தோட்டப்புறப் பள்ளியொன்றில் பணியாற்றினேன். அடுத்த ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களின் முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. தட்டச்சுப் பொறியையே அரைகுறையாக அறிந்த நான் பெருமுயற்சி செய்து அவற்றை ஏற்றினேன். ஒருநாள் இடைவேளையில் அம்மாணவன் என்னிடம் வந்தான். பன்னிரண்டு வயதுச் சிறுவன். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, கணினி அறையில் எந்தக் கணினியிலிருந்தும் மதிப்பெண் பட்டியலைத் திறக்க முடிகிறது. மாற்றவும் முடியும் போலிருக்கிறது."

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? 'எப்படியப்பா? காட்டு' என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதோ, "உன்னை யார் அங்கே போகச் சொன்னார்கள்?" என்பதுதான். அவனை வகுப்புக்கு வெளியே இரண்டு பாடவேளை நிற்க வைத்தேன். மறுநாள் காலைக் கூட்டத்தில், பிறர் பொருளை எட்டிப் பார்க்கும் தீய பழக்கத்தைப் பற்றி, அவனைப் பார்த்தபடியே பேசினேன். அவன் மதிப்பெண் எதனையும் மாற்றவில்லை. மாற்ற எண்ணியிருந்தால் என்னிடம் வந்து சொல்லியிருப்பானா என்று சிந்திக்கும் பொறுமையும் எனக்கு இல்லை. இன்னும் கேளுங்கள்: அந்தப் பட்டியல் ஆண்டு முடியும் வரை அப்படியே திறந்துதான் கிடந்தது. சிறுவனைத் தண்டித்த நான் கதவை மூடவில்லை.

என் அறியாமை எனக்கு அப்பொழுது குற்றமாகத் தோன்றவில்லை. அதனை அவன் கண்டுபிடித்ததே குற்றமாகத் தோன்றிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வச்சம் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அதனால் என் அக்காள் இன்னும் மூன்று நாள் அந்தக் கண்ணின் முன் நடமாட வேண்டியதாயிற்று.

நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனார். "ஐயா, பெரிய பெரிய நிறுவனங்களே அப்படித்தான் இருந்தன. இப்பொழுதுதான் மாறி வருகின்றன" என்று என்னைத் தேற்றுவதற்காகச் சில செய்திகளைச் சொன்னார். அவை எனக்குப் பெரும் பாடமாயின.

குறை என்பது மலிவான கருவிகளுக்கு மட்டும் உரியதன்று. வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் மென்பொருளில் 2012 முதல் ஒரு பிழை இருந்தது. இணையத்தில் நாம் அனுப்பும் இரகசியங்களை மறைத்து அனுப்புவதே அம்மென்பொருளின் பணி. அதிலிருந்த பிழையை வகுப்பறை எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாணவன் ஒருவன் எழுந்து, "நான் 'கடல்' என்று சொல்கிறேன். அது ஐந்நூறு எழுத்துச் சொல். திருப்பிச் சொல்லுங்கள் ஐயா" என்கிறான். ஆசிரியர் எழுத்தை எண்ணிப் பார்க்காமல் 'கடல்' என்று தொடங்கி, எஞ்சிய எழுத்துகளை நிரப்புவதற்குத் தம் சொந்தக் குறிப்பேட்டைப் படித்துக்கொண்டே போகிறார்! கணினி அப்படித்தான் நடந்துகொண்டது. கேட்கும் ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் அளவுவரை தன் நினைவகத்திலுள்ளவற்றைக் கொட்டியது. அவற்றில் கடவுச்சொற்களும் இருக்கலாம். 2014 ஏப்ரல் 7ஆம் நாள் அப்பிழை 'ஹார்ட்பிளீட்' என்னும் பெயரோடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவரும் பின்லாந்து நிறுவனம் ஒன்றின் பொறியாளர்களும் தனித்தனியே அதனைக் கண்டறிந்து, உரியவர்களுக்குத் தெரிவித்தனர். திருத்தம் மிகச் சிறியது: எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல் என்பதுதான். கண்டவர்கள் சொன்னார்கள், கேட்டவர்கள் திருத்தினார்கள்.

இதற்கு மாறான கதையும் உண்டு. விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஒரு குறையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அறிந்திருந்தும், தன் பயன்பாட்டுக்காக மறைத்து வைத்திருந்தது. மறைத்த பொருள் களவு போயிற்று. 2017 மார்ச்சுத் திங்களில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. திருடியவர்கள் ஏப்ரலில் அதனை ஊரறியச் செய்தனர். மே 12ஆம் நாள் 'வன்னாகிரை' என்னும் தீநிரல் அவ்வழியே புகுந்து, 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. குறையை இவ்வாறு மறைத்து வைப்பதை மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தலைவர் பிராட் ஸ்மித் அப்பொழுதே வெளிப்படையாகக் கண்டித்தார். இங்கு மற்றொன்றையும் நோக்க வேண்டும். திருத்தம் வந்து இரண்டு திங்கள் ஆகியும் அதனை ஏற்றுக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன. சொல்பவர் இருந்தும் கேட்பவர் இல்லை.

"அதெல்லாம் பெரிய நிறுவனங்களின் செய்தி. நம் வீட்டுப் பூட்டு உறுதியாக இருந்தால் போதாதா?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். "மெர்சிங் போரை நீங்கள்தானே ஐயா எங்களுக்குச் சொன்னீர்கள்!" என்றார்.

உண்மைதான். பாடநூலில் இல்லாததை நான் வகுப்பில் கதையாகச் சொல்வதுண்டு. 1941ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் 22ஆம் படைப்பிரிவு, ஜப்பானியர் கடல்வழியே வந்து இறங்குவர் என்று எதிர்பார்த்து மெர்சிங் கடற்கரையில் முள்வேலி இட்டது, கண்ணிவெடி புதைத்தது. அடுத்த ஆண்டு சனவரியில் ஜப்பானியரோ வடக்கே எண்டாவ் பக்கமிருந்து தரைவழியே வந்தனர். ஆற்றங்கரையில் அவர்களை ஆஸ்திரேலியர் தடுத்தே நிறுத்தினர். ஆயினும் நிலைக்க முடியவில்லை. ஜெமாலுவாங் நோக்கிப் பின்வாங்க நேர்ந்தது. அதற்குக் காரணம் மெர்சிங்கின் அரண் உடைந்ததன்று. தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் காவல் உடைந்ததே. ஓரிடத்து அரண் மற்றோரிடத்துக் குறையால் வீழ்ந்தது. இதனை வகுப்பில் உருக்கமாகச் சொன்ன நான் என் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. நம் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் கேமராவிலும் ஓடுகின்ற நிரல்களை எங்கோ இருப்பவர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் விட்ட ஒரு குறை நம் முன்கூடம் வரை வந்துவிடுகிறது.

வள்ளுவர் பொருட்பாலில் 'அரண்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். எத்துணைச் சிறப்புகள் அமைந்திருப்பினும், செயலாற்றும் திறமில்லாதவர்களிடத்தில் அரண் பயன்படாது என்பதே அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் தரும் கருத்து. பல்லாண்டுகளாக அதற்கு உரை சொல்லி வந்தேன். அது கோட்டையைக் கட்டிய மன்னனுக்குச் சொன்னது என்றே எண்ணியிருந்தேன். பூட்டை வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோன எனக்கும் சொன்னது என்று இப்பொழுது உணர்கிறேன்.

உலகம் மெல்லத் திருந்தி வருகிறது. சிங்கப்பூரில் 2020 அக்டோபர் முதல் இத்தகைய கருவிகளுக்குப் பாதுகாப்புத் தரச்சீட்டு வழங்கும் முறை இருக்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே எளிய கடவுச்சொல்லை இட்டு விற்கக் கூடாது என்று பிரிட்டனில் இயற்றிய சட்டம் 2024 ஏப்ரல் 29இல் நடைமுறைக்கு வந்தது. குறையைக் கண்டு சொல்பவர்களுக்கு நன்றி கூறிப் பரிசளிக்கும் நிறுவனங்கள் பெருகியுள்ளன. கண்டவர் முதலில் உரியவருக்கு மட்டும் தெரிவிப்பதும், திருத்துவதற்கு 90 நாள் போன்ற தவணை தருவதும், பிறகே ஊருக்குச் சொல்வதும் இன்று பலரும் ஏற்ற முறையாக இருக்கின்றன. நம் நாட்டில் 1997இலேயே 'மைசெர்ட்' என்னும் குழு தோன்றியது. இத்தகைய இடர்களைப் பொதுமக்கள் 'சைபர் 999' உதவி மையத்துக்குத் தெரிவிக்கலாம். பன்னிரண்டு வயதில் அச்சிறுவன் கடைப்பிடித்ததும் இம்முறையைத்தான் அல்லவா? உரியவனாகிய என்னிடம் மட்டும் வந்து சொன்னான். நான்தான் முறை தவறினேன்.

அன்று மாலையே ஆக வேண்டியவற்றைச் செய்தோம். மோடத்தின் கடவுச்சொல்லை மாற்றினோம். கருவிகளுக்குத் தானே வழிதிறக்கும் வசதியை நிறுத்தினோம். கேமராவை ஆராய்ந்தபோது, அதனைச் செய்தவர்கள் அவ்வகைக்குத் திருத்தம் வெளியிடுவதையே நிறுத்திவிட்டது தெரிந்தது. ஆகவே மின்னிணைப்பைப் பிடுங்கிப் பெட்டியில் இட்டோம். அடுத்த திங்கள் மருமகன் தரச்சீட்டு உள்ள வேறொன்றை வாங்கி வந்து, தாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். அக்காள் அதனை வாசல் திண்ணையில் வைக்கச் சொன்னார்.

"அது வாசலைப் பார்க்கட்டும். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் நீ வா" என்றார். இப்பொழுது அவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறான்.

நான் வார இறுதியில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் தமிழ் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன். ஐந்தாம் ஆண்டு படிக்கும் சிறுமியொருத்தி கையை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக இருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"ஐயா, அங்கே ஒரு 'ப்' வர வேண்டாமா?"

திரும்பிப் பார்த்தேன். வரத்தான் வேண்டும். மற்றப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதுகோலை அவளிடம் நீட்டினேன். அவள் ஓடி வந்து, நுனிக்காலில் நின்று, விடுபட்ட ஒற்றை எழுதிவிட்டுப் போனாள்.